மலிவான பழைய கார்: நான்கில் எதை நம்புவது?

கையில் இருக்கும் பணம் ஒன்றுதான். ஆனால் அதே பணத்துக்குப் பழைய கார் சந்தையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வண்டிகள் கிடைக்கும். நல்ல பெயர் எடுத்த கம்பெனியின் கார், ஆனால் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடி நாலு கை மாறியது. யாரும் பெரிதாகப் புகழாத ஒரு மாடல், ஆனால் ஒரே கையில் இருந்து, பில் எல்லாம் வரிசையாக வைத்திருப்பது. 15 வருடத்தில் 40,000 கிலோமீட்டரே ஓடி, மிச்ச நாளெல்லாம் ஷெட்டில் நின்றது. அப்புறம், புதிதாக வந்தபோது விலை கேட்கவே தயங்கியிருப்போமே, அப்படிப்பட்ட ஒரு சொகுசுக் கார்.

இந்த நான்கில் எது நடுவழியில் நிற்காது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பழைய கார் எதுவானாலும் என்றாவது ஒருநாள் நிற்கத்தான் போகிறது. நின்ற பிறகு என்ன செலவு என்பதில்தான் இவற்றுக்குள் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, சாலையில் நின்றுபோய் உதவிக்கு அழைத்த வண்டிகளின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் அதில் 40 சதவீதத்துக்கு மேல் சாதாரண 12 வோல்ட் பேட்டரியால் வந்தவை. பேட்டரி போனால் அன்றைய வேலை கெடும், எரிச்சல் வரும், அவ்வளவுதான். வேறு பேட்டரி மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏதோ ஒரு சென்சார், விண்டோ மோட்டார் எல்லாம் இதே ரகம்.

டைமிங் பெல்ட் அறுவது அப்படியல்ல. இன்றைய பெரும்பாலான எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. அந்த நேரக்கணக்கைக் காப்பதே பெல்ட்டின் வேலை. ஓடும்போது அது அறுந்தால் திறந்திருக்கும் வால்வுகளில் பிஸ்டன் மோதும், வால்வுகள் வளையும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். மலிவான கார் என்றால் பழுதுச் செலவு காரின் விலையையே தாண்டிவிடலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தீர்ந்து அது கொதிப்பது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போவது, அடிச்சட்டத்தைத் துரு தின்பது ஆகியவையும் இந்த வகைதான். பழைய கார்களை ஒப்பிடும்போது முதல் வகைப் பழுதுகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டாம் வகை எந்த வண்டியில் குறைவாக வரும் என்று மட்டும் பார்க்கிறேன்.

பெயரா, பில்லா?

முதல் இரண்டு கார்களுக்கு இடையில்தான் நிஜமான போட்டி. பெரும்பாலோர் பெயரைப் பார்த்தே வாங்குகிறார்கள். டொயோட்டா, ஹோண்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சந்தைக்கும் அது தெரியும். அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கேட்கிறார்கள். அதனால் ஒரே பட்ஜெட்டில் பார்த்தால், பெயர் பெற்ற கார் மற்றதைவிட மூன்று நான்கு வருடம் பழையதாகவோ ஒரு லட்சம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியதாகவோ இருக்கும். ஒரே வயதுள்ள இரண்டு கார்களை ஒப்பிட்டால் நல்ல பெயர் ஜெயிக்கலாம். ஒரே விலையுள்ள இரண்டு கார்களை ஒப்பிடும்போது அந்த உறுதி இல்லை.

இன்னொன்று, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவர் நடத்தும் புகழ்பெற்ற நம்பகத்தன்மை ஆய்வு மூன்று வயது கார்களைப் பற்றியது. மூன்று வயதில் ஒரு கார் எப்படி இருந்தது என்பதை வைத்துப் பதினைந்து வயதில் எப்படி இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது. மூன்று வயதில் மக்கள் சொல்லும் குறைகளில் திரை உறைந்துபோவதும் புளூடூத் இணையாததும் நிறைய. பதினைந்து வயதுக் காரில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷும் வயரிங்கும்தான் பேச்சு.

நல்ல பெயருள்ள கம்பெனியிலும் கெட்ட வருடங்கள் உண்டு. 2007 முதல் 2009 வரை வந்த டொயோட்டா கேம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. 2006 முதல் 2008 வரையிலான ஹோண்டா சிவிக்கின் 1.8 லிட்டர் எஞ்சின்கள் சிலவற்றில் பிளாக்கிலேயே வெடிப்பு விட்டு கூலன்ட் கசிந்தது. ஹோண்டா அதற்கென்றே வாரன்ட்டியை நீட்டித்தது. ஆகவே கம்பெனிப் பெயரைக் கேட்டு நிம்மதி அடையக் கூடாது. இந்த மாடல், இந்த வருடம், இந்த எஞ்சின், இந்த கியர்பாக்ஸ் என்று நான்கையும் சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டும்.

பில் கோப்பு என்ன சொல்லும்? ஆயில் எத்தனை மாத இடைவெளியில் மாறியது, டைமிங் பெல்ட் எப்போது மாறியது, கூலன்டும் பிரேக் ஆயிலும் எப்போதாவது மாறினவா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைவிட முக்கியமாக, வைத்திருந்தவரின் குணம் அதில் தெரியும். சின்னச் சத்தம் கேட்டதும் மெக்கானிக்கிடம் போனவரா, நிற்கும்வரை ஓட்டியவரா என்பது பில் தேதிகளிலேயே வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் அர்வ் கோர்டன் 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 காரில் 2013இல் 30 லட்சம் மைலைத் தாண்டினார். கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். ஒரே உரிமையாளர் அதிக தூரம் ஓட்டிய கார் என்று அது கின்னஸில் பதிவானது. அந்தக் காரின் தயாரிப்பில் மந்திரம் எதுவும் இல்லை. எளிமையான, கனமான எஞ்சின், அதைக்கூட இடையில் பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள். அவர் தினமும் வேலைக்குப் போய்வர 200 கிலோமீட்டர் ஓட்டினார், ஆயிலை நேரத்துக்கு மாற்றினார், சொந்தக் கையால் பராமரித்தார். அதே மாடலில் பிறந்த மற்ற பல வண்டிகள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

ஆகவே இந்தப் போட்டியில் என் ஓட்டு பில்லுக்கு. ஒரு விதிவிலக்கு உண்டு. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தப்பாத வடிவமைப்புக் கோளாறு சில எஞ்சின்களில் இருக்கிறது. 2007இல் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் பெல்ட்டின் வேலையைச் செய்யும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. முதல் சில வருடத் தயாரிப்புகளில் அந்தச் செயின் சீக்கிரம் தேய்ந்தது, மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்க வேண்டும். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பெஜோ சித்ரோன் கார்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். பெல்ட்டின் ரப்பர் நைந்து துகளாகி ஆயில் உறிஞ்சும் வழியை அடைத்தால், பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சினுக்கு ஆயில் போகாமல் போகலாம். இப்படிப்பட்ட எஞ்சின் என்றால் எவ்வளவு தடிமனான பில் கோப்பு இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட வேலை செய்த பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

நின்ற வண்டியும் ஓடிய வண்டியும்

மூன்றாவது கார்தான் பார்ப்பவர்களை ரொம்ப மயக்கும். 40,000 கிலோமீட்டர் என்று மீட்டரில் பார்த்ததும் மனம் அங்கேயே விழுந்துவிடும். விற்பவரும் அதைத்தான் முதலில் சொல்வார்.

கார் கிலோமீட்டரால் மட்டும் தேய்வதில்லை, வயதாலும் தேய்கிறது. எஞ்சின் உள்பாகங்களும் கிளட்ச்சும் பேரிங்கும் ஓட்டத்தால் தேய்பவை. ரப்பர் ஹோஸ், ஆயில் சீல், டைமிங் பெல்ட், டயர், புஷ் இவையெல்லாம் சும்மா நின்றாலும் காய்ந்து வெடிக்கும். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் போட்டுத்தான் கையேடுகள் சொல்கின்றன. ஆகவே 40,000 கிலோமீட்டரே ஓடிய பதினைந்து வயதுப் பெல்ட் புதியது அல்ல, காலாவதியானது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் கொதிநிலையைக் குறைக்கும், உள்ளே இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். டாங்கில் கிடக்கும் பெட்ரோல் சில மாதங்களில் கெட ஆரம்பிக்கும். எலி வயரைக் கடித்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

குறைந்த கிலோமீட்டர் என்பது பல சமயம் குட்டிக் குட்டிப் பயணம் என்று பொருள். ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஆயிலில் சேரும் ஈரமும் எரிபொருளும் ஆவியாகிப் போக நேரம் கிடைக்காது. பேட்டரி முழுசாக சார்ஜ் ஆகாது. டீசல் என்றால் புகை வடிகட்டி அடைபடும்.

நெடுஞ்சாலையிலேயே ஓடி 2 லட்சம் கிலோமீட்டர் காட்டும் வண்டிக்கும் இதற்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஓடிய வண்டியைத்தான் எடுப்பேன். எஞ்சின் சூடாகவே இருந்திருக்கும், கிளட்ச்சுக்கும் கியருக்கும் அதிக வேலை இருந்திருக்காது, பிரேக் குறைவாகவே தேய்ந்திருக்கும். நின்ற வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. எல்லா ஆயிலும், பெல்ட்டும், ஹோஸும், டயரும், பேட்டரியும் மாற்றும் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியானால் சரி, நல்ல வண்டி. டயரின் வயதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் வேகம் பிடிக்கக் கூடாது.

சொகுசுக் கார்

இதைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. கார் பழசாகும்போது அதன் விலை விழும், உதிரிபாகங்களின் விலை விழாது. ஏர் சஸ்பென்ஷன், கதவை மெல்ல இழுத்து மூடும் மோட்டார், இருக்கை நினைவுப் பெட்டி என்று ஒவ்வொன்றும் புதுக் காரின் தரத்துக்கேற்ற விலையில்தான் கிடைக்கும். மலிவாக விற்கிறார்கள் என்றால், வரப்போகும் செலவை விற்பவர் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வேலை நீங்களே பார்ப்பவர், வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது என்றால் ஆசைக்கு வாங்குங்கள். தினமும் நம்பி ஓட்ட வேண்டிய ஒரே கார் இது என்றால் நான்கில் கடைசி இடம் இதற்குத்தான்.

கியரும் எரிபொருளும்

வயதான காரில் மேனுவல் கியருக்கு நிகரில்லை. கிளட்ச் தேயும், மாற்றலாம், செலவு முன்கூட்டியே தெரியும். அது வழுக்க ஆரம்பித்தால் ஓட்டும்போதே புரிந்துவிடும்.

கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய ரக ஆட்டோமேட்டிக் இரண்டாவது. ஆயில் மாற்றியிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். இங்கே ஒரு வேடிக்கை. சில கார் கம்பெனிகள் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்றன. அதே கியர்பாக்ஸைச் செய்து கொடுத்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளைச் சொன்னார்கள் என்றுதான் யோசிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கிலேயே வேறு இரண்டு வகைகள் உண்டு: கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் சிவிடி, இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச். இரண்டிலும் கவனம் தேவை. நிசானின் 2003 முதல் 2010 வரையிலான சிவிடி கார்களுக்கு அமெரிக்காவில் வாரன்ட்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டிவந்தது. ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் 2010களில் வந்த உலர் இரட்டைக் கிளட்ச் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் நீதிமன்றம் வரை போனது. எல்லா சிவிடியும் மோசமில்லை. ஆனால் கெட்டுப்போனால் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள், மலிவான காரில் அது முடிகிற காரியமல்ல.

எரிபொருளில் டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சின்தான் என் தேர்வு. பழைய, எலக்ட்ரானிக்ஸ் இல்லாத டீசல்கள் இரும்பு மாதிரி உழைத்தன என்பது உண்மைதான். ஆனால் இன்று மலிவு விலைக்கு வரும் டீசல்களில் உயர் அழுத்த இன்ஜெக்டர், டர்போ, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர், புகை வடிகட்டி, அதிர்வைக் குறைக்கும் இரட்டை நிறை ஃப்ளைவீல் என்று ஐந்து இடத்தில் பெரிய செலவு காத்திருக்கிறது. வருடத்துக்கு நிறைய தூரம் ஓட்டுபவருக்கு மட்டும் கணக்கு ஒத்துவரும்.

ஹைப்ரிட் கார்களைப் பற்றி வெளியே இருக்கும் பயம் கொஞ்சம் அதிகம். டொயோட்டா பிரியஸில் தனி ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் இல்லை, பிரேக் பேட் வருடக்கணக்கில் தேய்வதில்லை. பெரிய பேட்டரி ஒருநாள் போகும், அந்தச் செலவைப் பேரம் பேசும்போதே கழித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஈஜிஆர் அடைப்பும் ஹெட் கேஸ்கெட் கோளாறும் பேட்டரியைவிடப் பெரிய கவலை. பழைய முழு மின்சாரக் கார் என்றால் எல்லாம் பேட்டரியின் உடல்நிலைதான். முதல் தலைமுறை நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாததால், வெப்பமான இடங்களில் ஓடியவை சீக்கிரம் கொள்ளளவை இழந்தன. டாஷ்போர்டில் 12 கட்டத்தில் எத்தனை மிச்சம் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

கடைசி இரண்டு வண்டிக்குள்

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் இரண்டு கார்கள் மிஞ்சும். இனி ஒப்பிட வேண்டியது மாடலை அல்ல, நேரில் நிற்கும் வண்டியை.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் செயின் சத்தமும் நீலப் புகையும் வெளியே வரும். நீலப் புகை ஆயில் எரிவதால் வருவது. சூடான பிறகும் நிற்காமல் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை கூலன்ட் எரிவதைக் காட்டலாம். கூலன்ட் துருநீர் போலவோ எண்ணெய் மிதந்தோ இருந்தால் மேலே பேச வேண்டாம்.

காரின் கணினி பதிந்துவைத்த பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் 1996இலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் இந்த வசதி கட்டாயம். பிழைக் குறியீடு எதுவுமில்லை என்று வந்தால் அதோடு நிறுத்திவிடாமல், சுயசோதனைகள் முடிந்தனவா என்ற பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள்.

வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க விடவில்லை என்றால் அதுவே பதில். மேல் பெயின்ட் எவ்வளவு மின்னினாலும், பக்கவாட்டு அடிச்சட்டத்திலும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலும் துரு ஊறியிருந்தால் நல்ல எஞ்சின் இருந்தும் பயனில்லை. சேசிஸ் எண்ணை வைத்து ஏர்பேக் ரீகால் (கோளாறுக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பாக்கி இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் வெடிபொருள் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த பல கம்பெனிகளின் கார்களில் அவை இருந்தன. ரீகால் வேலைக்கு வழக்கமாகக் காசு வாங்குவதில்லை.

பேரத்தை முடிக்கும் முன் ஒரு கணக்கு. கையில் உள்ள பணம் முழுவதையும் கார் விலைக்கே கொடுக்காமல் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஒதுக்கி வையுங்கள். கொஞ்சம் மட்டமான கார், கையில் மிச்சப் பணம் என்ற நிலை, நல்ல கார், காலிப் பை என்ற நிலையைவிட நம்பகமானது. காரணம் எளிது: சின்னக் கசிவைச் சரிசெய்யப் பணம் இல்லாதபோதுதான் அது எஞ்சினைக் கொதிக்க வைக்கும் கசிவாக மாறுகிறது.

ஒதுக்கிய பணத்தில் முதலில் எதைச் செய்வது? எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றிவிடலாம். பேட்டரியைச் சோதித்து, பலவீனமாக இருந்தால் புதிது போடலாம். டயரும் பிரேக்கும் அடுத்து. ஏசி, ஸ்பீக்கர், பெயின்ட் எல்லாம் பிறகு வரட்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், போன வருடம்தான் மாற்றினோம் என்று விற்பவர் வாயால் சொன்னது கணக்கில் சேராது. தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாட்டர் பம்ப்போடு சேர்த்து வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.